சுருதி சேர்ப்பதன் அரசியல்: டிஜேக்களின் வட்டமும் நம் வட்டப்பாலையும்

1

‘பறைக்கு ஏதுங்க சுருதி? அத எடுத்துட்டுப் போடச் சொல்லுங்க.’

தரங்கம்பாடியில் ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சொன்னது இது. என் அக்கா மகன் ஒரு சவுண்டு சர்வீஸில் வேலை பார்க்கிறான். மைக் செட் கட்டுவதோடு, பழைய லேப்டாப்பும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கன்ட்ரோலரும் வைத்துக்கொண்டு டிஜேயாகவும் நிற்பான். அன்றைக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டின் குரலை மட்டும் உருவியெடுத்து ட்ரம் அண்ட் பேஸ் வேகத்தில் ரீமிக்ஸ் செய்து போட்டான். அதற்கு அடியில், பக்கத்து ஊர்ப் பறைக்கலைஞர் ஒருவர் வாசித்ததைப் பதிவுசெய்து ஓடவிட்டிருந்தான். அடுத்த பாட்டுக்கு மாறுகிற இடத்தில் ஏழெட்டு விநாடி சத்தம் கலங்கிப்போய், வயிற்றைப் பிசைகிற மாதிரி இருந்தது. உடனே வந்த வாக்கியம்தான் மேலே இருப்பது. அவனும் பறையை எடுத்துவிட்டான்.

ராத்திரி வயரைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னான்: ‘மாமா, கிளாஷ் ஆனது பேஸு. ரெண்டு பாட்டோட கட்டையும் சேரல, தப்பு என்னுது. பறை ஒண்ணும் பண்ணல. ஆனா அவங்க காதுக்குப் பறைதான் கேட்டுச்சு.’

அந்தக் கடைசி வாக்கியத்தை விளங்கிக்கொள்ளவே இந்தக் கட்டுரை. சாதி இலக்கியத்தில், சினிமாவில், வரலாற்றெழுத்தில் எப்படி இயங்குகிறது என்று நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். ஒலி என்று வரும்போது மட்டும் ‘அது டெக்னிக்கல் சமாச்சாரம்’ என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் கருத்தியல் ‘இயல்பானது’ என்ற வேடம் போட்டுக்கொண்டு உட்காருகிற இடம் தொழில்நுட்பம்தான். எனவே தொழில்நுட்பத்திலிருந்தே தொடங்குகிறேன். இசை படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்பவன் மட்டுமே.

2

ட்ரம் அண்ட் பேஸ் 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவான இசை. ஜமைக்காவிலிருந்து குடியேறிய கறுப்பின மக்களின் ‘சவுண்டு சிஸ்டம்’ மரபும், வெள்ளை, கறுப்பு இளைஞர்கள் சேர்ந்து ஆடிய ரேவ் இசையும் கலந்து முதலில் ‘ஜங்கிள்’ என்ற பெயரில் வந்தது. பழைய ஸோல், ஃபங்க் இசைத்தட்டுகளில் பாட்டும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி நிற்க, ட்ரம் மட்டும் தனியே ஒலிக்கிற சில விநாடிகள் இருக்கும். அவற்றை வெட்டி, துண்டுகளை மாற்றிக் கோத்து, வேகத்தை ஏற்றினார்கள். நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி, பெரும்பாலும் 174. மேலே ட்ரம் இப்படிப் பறக்கும்போது கீழே பேஸ் பாதி வேகத்தில், 87இல், சாவகாசமாக நடக்கும். தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. முதல் காலமும் இரண்டாம் காலமும் ஒரே நேரத்தில் கேட்கின்றன, அவ்வளவுதான்.

தமிழ்க் காதுக்கும் இந்த உலகத்துக்கும் ஏற்கெனவே தொடர்பு உண்டு. 1995இல் லண்டன் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் ‘புளூ நோட்’ என்ற கிளப்பில் தபலா கலைஞர் தால்வின் சிங் ‘அனோகா’ இரவுகளை நடத்தத் தொடங்கினார். அதே கிளப்பில் ஞாயிறுகளில் நடந்தது கோல்டியின் புகழ்பெற்ற ‘மெட்டல்ஹெட்ஸ்’ ட்ரம் அண்ட் பேஸ் இரவு. 1997இல் வெளிவந்த ‘அனோகா’ தொகுப்பில் ஏ. ஆர். ரஹ்மானின் ‘பம்பாய்’ (1995) படத்தின் கருவியிசையும் இருந்தது. ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான எம்.ஐ.ஏ., ட்ரம் அண்ட் பேஸ்காரர் அல்ல; ஆனால் அவரும் லண்டனின் இதே வீதிகளிலிருந்து வந்தவர். தன் ‘கலா’ (2007) தொகுப்புக்காகச் சென்னையில் உறுமிக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். அதே தொகுப்பில் ‘தளபதி’ (1991) படத்துக் ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துண்டையும் எடுத்தாண்டார். இங்கே கோடம்பாக்கத்திலும் ‘படகோட்டி’யின் (1964) ‘தொட்டால் பூ மலரும்’ ‘நியூ’வில் (2004) திரும்ப வந்த பிறகு, ரீமிக்ஸ் என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

3

டிஜே செய்கிற வேலை, ஒரு பாட்டு முடிந்ததும் இன்னொன்றைப் போடுவதல்ல. அரை நிமிடம், ஒரு நிமிடம் இரண்டு பாட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். அதற்கு வேகம் ஒன்றாக இருக்க வேண்டும். சுருதியும் ஒத்துப்போக வேண்டும்; இரண்டாவதுக்குப் பெயர்தான் ஹார்மானிக் மிக்ஸிங்.

ஆர்மோனியத்தின் ‘கட்டை’ நமக்குத் தெரியும். வெள்ளைக் கட்டைகள் 1, 2, 3 என்று 7 வரை. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஆக 12. ஒவ்வொரு கட்டையையும் ஆதாரமாக வைத்து மேஜர், மைனர் என இரண்டு ஸ்கேல்கள். மொத்தம் 24. மார்க் டேவிஸ் என்பவர் இந்த 24ஐயும் ஒரு கடிகார வட்டத்தில் 12 வீடுகளாக அடுக்கி ‘காமலாட்’ வட்டம் என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் ‘பி’ என்றால் மேஜர், ‘ஏ’ என்றால் மைனர். ஒன்றாம் கட்டை மேஜர் 8பி. ஆறாம் கட்டை மைனர் 8ஏ. 2006இல் ‘மிக்ஸ்டு இன் கீ’ என்ற மென்பொருள் வந்தபின், பாட்டைக் கொடுத்தால் அது வீட்டு எண்ணைச் சொல்லிவிடும். டிஜேவுக்கு இசை தெரிய வேண்டிய அவசியமில்லை. எண் பார்த்தால் போதும்.

விதி எளிமையானது. 8ஏவிலிருந்து அதே 8ஏவுக்கோ, 7ஏவுக்கோ, 9ஏவுக்கோ, 8பிக்கோ போகலாம். பக்கத்து வீடு என்பது ஐந்தாம் சுரத்தின் தூரம், அதாவது ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம். 8பி ஒன்றாம் கட்டை என்றால் 9பி ஐந்தாம் கட்டை, 7பி நாலாம் கட்டை. பக்கத்து வீட்டில் ஏழு சுரங்களில் ஆறு பொதுவாக இருக்கும், ஒன்றுதான் மாறும். இரண்டு வீடு தள்ளினால் ஐந்து பொது. எதிர் வீட்டுக்குப் போனால் இரண்டே இரண்டு. சேர்வதும் சேராததும் என்று சொல்வதெல்லாம் இந்தக் கணக்குத்தான்.

சேராவிட்டால் என்ன ஆகும்? மேலே பாட்டு சேராததைக் காது எப்படியோ சமாளிக்கும். கீழே பேஸ் சேராவிட்டால் சமாளிக்க முடியாது. ஒரு பேஸ் விநாடிக்கு 55 அதிர்வு, அதற்கு அரைக்கட்டை மேலே உள்ளது ஏறக்குறைய 58 அதிர்வு. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு மூன்று முறை பொங்கிப் பொங்கி அடங்கும். அன்றைக்குக் கல்யாண வீட்டில் வயிற்றைப் பிசைந்தது அதுதான். முன்பு மைக் செட்காரர்கள் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் இந்தப் பிரச்சினையே கிடையாது. இவ்வளவு ஆழமான ஒலியை அது வெளியே விடாது. பெரிய பாக்ஸ்கள் வந்தபிறகுதான் நம் ஊர்களுக்குப் பேஸே வந்தது. பேஸ் மோதலும் கூடவே வந்தது.

வேகத்துக்கும் சுருதிக்கும் உள்ள உறவையும் சொல்லிவிட வேண்டும். இசைத்தட்டைச் சுற்றும் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். 6 சதவீதத்துக்கு ஏறக்குறைய அரைக்கட்டை. 164இல் இருக்கிற பாட்டை 174க்கு ஏற்றினால் 8ஏ என்பது 3ஏ ஆகிவிடும். ஏழு வீடு தாண்டிக் கிட்டத்தட்ட வட்டத்தின் மறுபக்கம். மென்பொருளில் ‘கீ லாக்’ போட்டால் வேகம் மட்டும் ஏறும், சுருதி நின்ற இடத்தில் நிற்கும். என் மருமகன் அன்று அதைப் போட மறந்துவிட்டான். அவனுடைய தப்பு இவ்வளவுதான்.

ட்ரம் அண்ட் பேஸில் இதற்குக் கைவசம் வழிகள் உண்டு. பெரும்பாலான பாட்டுகளின் முதலிலும் கடைசியிலும் 16 அல்லது 32 சுற்று ட்ரம் மட்டும் வரும். ட்ரம் மேல் ட்ரம் ஓடினால் கட்டை இடிக்காது. மாறும் இடத்தில் ஒரு பாட்டின் பேஸைக் குறைத்துவிட்டு மற்றதன் பேஸைத் திறக்க வேண்டும். இரண்டு பேஸும் சேர்ந்து ஓடக் கூடாது. இரண்டு பாட்டும் ஒரே நேரத்தில் வெடிக்கிற ‘டபுள் டிராப்’ வேண்டுமானால் மட்டும் வீட்டு எண் கட்டாயம் ஒத்துப்போக வேண்டும். கவனியுங்கள்: சுருதிச் சண்டை வருகிற இடங்களில் எல்லாம் கலவையைத் தாங்கிப் பிடிக்கிறது ட்ரம்தான். அதைத்தான் எடுத்துவிடச் சொன்னார்கள்.

4

இந்த வட்டத்தைப் பார்த்ததும் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் (1859–1919) ஞாபகம் வந்தது. சித்த மருத்துவராக வாழ்ந்து, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற மாபெரும் நூலை வெளியிட்டவர். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் கொண்டு, பழந்தமிழிசையில் வட்டப்பாலை என்ற முறை இருந்ததை அவர் விரித்துக் காட்டினார். பன்னிரண்டு இராசி வீடுகளை வட்டமாக வரைந்து, அதில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழையும் நிறுத்தி, குரலை நகர்த்த நகர்த்தப் புதிய பாலைகள் பிறப்பதைக் காண்பது. ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்கு இந்த ஏழு பெயர்களையே இட்டு வட்டமாக நிறுத்துகிறாள். கலங்கிப்போன ஆயர்சேரியில் பெண்கள் கைகோத்து ஆடுகிற வட்டம் அது.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. நின்ற நரம்புக்கு ஐந்தாவது ‘கிளை’, நான்காவது ‘நட்பு’, மூன்றாவதும் ஆறாவதும் ‘பகை’ என்பது பழைய இலக்கணம். டிஜே வட்டத்தில் ஒரு மேஜர் ஸ்கேலை அப்படியே ஐந்தாவதுக்கு நகர்த்தினால் பக்கத்து வீடு. நான்காவதுக்கு நகர்த்தினால் மறுபக்கத்துப் பக்கத்து வீடு. மூன்றாவதுக்கு நாலு வீடு, ஆறாவதுக்கு மூன்று வீடு, தள்ளித் தள்ளிப் போகும். கிளையும் நட்பும் பக்கத்தில், பகை தூரத்தில்.

‘பார்த்தாயா, அன்றைக்கே தமிழன் கண்டுபிடித்துவிட்டான்’ என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெருமிதம் எனக்கு அலுத்துவிட்டது. ஐந்தாம் சுரத்தின் வழியே பன்னிரண்டு இடங்களைச் சுற்றி வருவது ஒலியின் இயற்கைக் கணக்கிலிருந்து எங்கும் எழக்கூடியது. சீனர்களிடமும் கிரேக்கர்களிடமும் அது உண்டு. என் அக்கறை வேறு. ஒரே கணக்கிலிருந்து எழுந்த இரண்டு வட்டங்கள் வேறுவேறு கேள்விகளைக் கேட்கின்றன. வட்டப்பாலை, குரல் எங்கே நின்றால் என்ன பிறக்கும் என்று கேட்கிறது. காமலாட், யாரை யார் பக்கத்தில் நிற்கவிடலாம் என்று கேட்கிறது. ஒன்று பிறப்பிக்கும் கருவி, இன்னொன்று வடிகட்டும் கருவி. ஆர்தர் மன்னனின் கோட்டைப் பெயரையே அதற்கு வைத்திருப்பதும் பொருத்தம்தான்.

5

அந்தக் கோட்டைக்குள் நுழைய 24 கதவுகள்தான். ‘நீ மேஜரா, மைனரா?’ என்பதே வாசலில் கேட்கப்படும் கேள்வி. மேஜர், மைனர் வேறுபாடே மூன்றாம் சுரத்தில் இருக்கிறது. நம் இலக்கணம் பகை என்ற அதே மூன்றாவதின்மேல்தான் ஐரோப்பிய இசை தன் மாளிகையைக் கட்டியது. எங்கள் ஊருக்கு அது வந்த கதையும் பழையது. 1706இல் சீகன்பால்கு இங்கே வந்திறங்கினார். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஜெர்மன் மெட்டுகளுக்குத் தமிழ் வார்த்தைகளை இட்ட ஞானப்பாட்டுகள் இங்கே பாடப்பட்டன. இன்றும் சர்ச்சுகளில் ஞானப்பாட்டு நாலு குரலில் எழும். கீர்த்தனை ஒற்றைச் சுருதியில் போகும். அதே சபை, அதே ஆர்மோனியம். இரண்டையும் யாரும் ஒன்றாகக் கலப்பதில்லை, ஒன்றை மற்றதன் அளவுகோலால் அளப்பதுமில்லை. மென்பொருள் அளக்கிறது.

மோகனத்தில் அமைந்த பாட்டைக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. அதை மேஜர் என்றாலும் மைனர் என்றாலும் வீடு ஒன்றுதான். மோகனத்தின் தைவதத்தை ஆதாரமாக்கினால் சுத்த தன்யாசி என்று கிரகபேதம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் சரளி வரிசையில் குழந்தைகள் முதன்முதலில் பாடுகிற மாயாமாளவகௌளைக்கு வட்டத்தில் வீடு இல்லை. மென்பொருள் ‘தெரியவில்லை’ என்று சொல்லாது. ஏதாவது ஒரு எண்ணை ஒட்டிவிடும். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காமல் அசைகிறது; அந்த அசைவே தோடி. மென்பொருளுக்கு அது பிசிறு.

ஆகவே ராகம் தோய்ந்த பாட்டை ரீமிக்ஸ் செய்கிறவர்கள் எண்ணை நம்பாமல் காதை நம்ப வேண்டும். 2019இல் வந்த ‘ஸ்ப்ளீட்டர்’ முதலான கருவிகளால் குரலைத் தனியே பிரிக்கலாம். பிரித்த குரலோடு சுருதிப்பெட்டியைப் போட்டு ஆதாரக் கட்டையைக் கண்டுபிடியுங்கள். பேஸை அந்த ச-வில் நிறுத்துங்கள். ப-வைச் சேர்ப்பதற்கு முன் ராகத்தில் பஞ்சமம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தோளத்தில் கிடையாது, போட்டால் ராகம் அங்கேயே செத்துவிடும். குரலை 87இல் விட்டுவிடுங்கள், கமகத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும். 174 ட்ரம்முக்குப் போதும்.

சுருதி என்பது மாறாத தெய்வக் கட்டளை அல்ல என்பதற்கு நம் மாவட்டத்துச் சாட்சியே உண்டு. நாதஸ்வரம் முன்பு குட்டையான திமிரி, சுருதி உயரம். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார்; சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது, மத்தியமம் சுத்தமாகப் பேசியது. இன்று மரபு என்று நாம் கும்பிடுவது அந்த மாற்றத்தைத்தான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாசிப்பவரின் தேவைக்காக மரம் நீண்டது, சுருதி இறங்கியது. யாரும் அதைச் சுருதி கெட்டது என்று சொல்லவில்லை.

6

இப்போது பறைக்கு வருகிறேன். எனக்கும் இதில் பங்கு உண்டு. நாயனம் கேட்டால் மங்கலம், பறை கேட்டால் சாவு என்றுதான் என் காதும் பழக்கப்பட்டிருந்தது. அது காதின் இயல்பல்ல, பயிற்சி. அதை உணர எனக்கு நாற்பது வயதாயிற்று.

பறைக்குச் சுருதி இல்லை என்பவர்கள் அதை வாசிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்சுவதைப் பார்த்திருப்பார்கள். எதற்கு என்று கேட்டிருக்க மாட்டார்கள். தோல் இறுகி ஒலி ஏறுவதற்காக. நாலு பேர் சேர்ந்தால் ஒருவர் தட்டிக் காட்ட, மற்றவர் இன்னும் கொஞ்சம் காட்டி, ஒன்றுக்கொன்று கூட்டிக்கொள்வார்கள். அது சுருதி சேர்ப்பதல்லாமல் வேறென்ன? தவிலையும் மிருதங்கத்தைப்போல அத்தனை நுட்பமாக ஆதாரச் சுருதிக்குக் கூட்டுவதில்லை. ஆனால் தவிலைப் பார்த்து யாரும் ‘சுருதி ஏது’ என்று கேட்பதில்லை. ஆக, ‘சுருதி சேரவில்லை’ என்பது ஒலியைப் பற்றிய தீர்ப்பு மட்டுமல்ல. எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதைப் பற்றிய தீர்ப்பு, ஒலியியலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது.

என் மருமகன் ஒரு வேலை செய்தான். அதே பறையின் இரண்டு பதிவுகளை மென்பொருளுக்குக் கொடுத்தான். ஒன்று காய்ச்சுவதற்கு முன், மற்றது பின். இரண்டுக்கும் இரண்டு வேறு எண்கள் வந்தன. ‘எண்ணே இல்லாததுக்கும் எண் போடுது மாமா, பாருங்க’ என்று சிரித்தான். பிறகு எண்ணை விட்டுவிட்டு, காய்ச்சிய பறையின் கனத்த அடியில் ஒலி எங்கே வந்து உட்காருகிறது என்று சுருதிப்பெட்டியோடு காதால் தேடினான். நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் கிடைத்தது. அந்த இடத்துக்குப் பேஸையும் குரலையும் கொஞ்சம் நகர்த்தினான். பறையை அசைக்கவில்லை.

எனக்கு இந்தச் செய்கை முக்கியமாகப் படுகிறது. ஒத்திசைவு வேண்டும் என்பதில் தகராறு இல்லை. யார் நகர்வது, யார் நின்ற இடத்தில் நிற்பது என்பதில்தான் தகராறு. விளிம்பில் உள்ளதை மையத்தின் கட்டைக்கு இழுப்பதே இதுவரை ‘சேர்ப்பது’ என்று அறியப்பட்டு வந்திருக்கிறது. நல்லிணக்கம் பேசுகிற நம் மேடைகளையும் இந்தக் கேள்வியோடு ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

7

இதோடு முடித்தால் மனசுக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ட்ரம் அண்ட் பேஸின் அடியிலேயே ஒரு கடன் கிடக்கிறது. அந்த இசையில் ஆயிரக்கணக்கான முறை வெட்டி ஒட்டப்பட்ட ட்ரம் துண்டு, 1969இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ தட்டில் வருகிற ஏறக்குறைய ஏழு விநாடி. வாசித்தவர் கிரிகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர். அந்த ஏழு விநாடியின் மேல் ஓர் இசைத்துறையே எழுந்து நின்றது. அவருக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006இல் வீடற்றவராக இறந்துபோனார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015இல் இங்கிலாந்து டிஜேக்கள் முன்னின்று 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். அது நல்ல மனசு, உரிமைத்தொகை அல்ல.

சாவு வீட்டில் கட்டாயமாகப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்தது ஒரு போராட்டம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்களைப்போல அதையே விடுதலைக் கருவியாக மேடையில் எடுத்தது இன்னொன்று. பறையொலியைப் போனில் பதிவுசெய்து, லேப்டாப்பில் வெட்டி, கல்யாணத்தில் ஓடவிடுவது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது நிலை. ஒலி மட்டும் மண்டபத்துக்குள் வரும், வாசித்தவர் வெளியே. தீண்டாமைக்கு இதைவிடத் தோதான தொழில்நுட்பம் இருக்க முடியாது.

மாற்றிச் செய்த ரீமிக்ஸைப் போட்டுக்காட்ட அந்தக் கலைஞரிடம் அவனோடு நானும் போயிருந்தேன். கண்ணை மூடி முழுசாகக் கேட்டார். ‘நல்லாருக்கு தம்பி. என் அடி அப்படியே இருக்கு’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘இது எத்தன கல்யாணத்துக்கு ஓடும்?’ என்று கேட்டார். அவனால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த கோடையில் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அழைப்பு வந்தபோது, பதிவை ஓடவிடாமல் அவரையே மேடைக்குக் கூப்பிட்டான்; கூலியில் பாதி அவருக்கு என்று பேசி. விழாக் குழுவில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள், மூன்று பேர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். கடைசியில் வேறு சவுண்டு சர்வீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த ராத்திரி அவனும் அவரும் கடற்கரையில் சுள்ளி கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வரப்போகும் இன்னொரு கல்யாணத்துக்குக் கட்டை பார்க்கிறார்களாம்.